தொலைந்த பையைத் தேடிப்போய்க் கொடுத்தவன் கடைப் பணத்தை எடுத்திருக்கிறான். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

காந்தி ரோடு மளிகை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மளிகைக் கடை நடத்துகிறேன். மாமனார் வைத்த கடை. அவருக்கு முடியாமல் போனதிலிருந்து நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களால்தான் எங்களுக்கு முக்கால்வாசி வியாபாரம். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்து, லாட்ஜில் ரூம் எடுத்து, வாரக்கணக்கில் தங்கி, அவர்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். அதனால் எல்லாமே கால் கிலோ, அரை கிலோ பொட்டலம். கடுகு எண்ணெய், கசகசா, மசூர் பருப்பு, பொரி எல்லாம் மற்றத் தெருக்களைவிட இங்கே வேகமாக ஓடும்.

கடையில் கே.வி.குப்பம் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை செய்கிறான். இருபத்திரண்டு வயது. வரும்போது தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. இப்போது இந்தி சரளம், பெங்காலி பாதிக்குமேல் பேசுவான். வயதானவர்கள் அரிசி வாங்கினால் லாட்ஜ் மாடிவரை தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நான் மண்டித் தெருவுக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். யாரோ ஒருவர் துணிப்பையைக் கடை மேடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஸ்கேன் கவர், மருந்துச் சீட்டு, கைக்குட்டையில் முடிந்து வைத்த பதினெட்டாயிரம் ரூபாய். கடையில் அவன் ஒருத்தன்தான். கேமராவும் கிடையாது. பக்கத்து ஜூஸ் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சீட்டில் இருந்த பெயரை வைத்து பாபு ராவ் தெருவில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கி விசாரித்து, ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறான். சாயங்காலம் அந்தப் பெரியவரும் மனைவியும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். அவர்கள் நீட்டிய ஐந்நூறு ரூபாயையும் அவன் வாங்கவில்லை.

அதே பையன்தான். இந்த மாதம் ஒரு அம்மா பருப்பில் வண்டு இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க வந்தார். வாங்கியதற்கு அத்தாட்சியாகப் போனில் ஜிபே விவரத்தைக் காட்டினார். பணம் போன இடத்தில் கடைப் பெயர் இல்லை, அவன் பெயர் இருந்தது. நான் மண்டிக்கோ மதியச் சாப்பாட்டுக்கோ போகும் நேரத்தில் சில பேரிடம் மட்டும், "ஸ்பீக்கர் வேலை செய்யல, இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று தன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். அறுபது, நூற்றிப்பத்து, இருநூற்று நாற்பது, இப்படித்தான் தொகைகள். கேட்டவுடன் போனை என் கையிலேயே கொடுத்துவிட்டான். கூட்டிப் பார்த்தால் ஏழாயிரம் சொச்சம். கல்லாப்பெட்டியில் இருக்கும் ரொக்கத்தைத் தொட்டதே இல்லை. ராத்திரி நான் எண்ணும்போது பத்து ரூபாய் குறைந்ததில்லை.

அவன் சொன்னது இது: "அக்கா, திருடணும்னு எடுக்கல. தீபாவளிக்கு நீங்க குடுக்கிறதுல கழிச்சுக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

வீட்டுக்காரர் உடனே நிறுத்தச் சொல்கிறார். மாமியார், "சம்பளம் பத்தாமத்தான் செய்திருக்கும், கூட்டிக் கொடு" என்கிறார். மாதம் பதிமூன்றாயிரமும் மதியச் சாப்பாடும் தருகிறேன். கூட்டிக் கேட்டதில்லை. சம்பளம்தான் காரணம் என்றால் பதினெட்டாயிரத்தை ஏன் விட்டான்? குணம்தான் காரணம் என்றால் அறுபது ரூபாயை ஏன் எடுத்தான்? இரண்டில் எது அவன்? பணத்தோடு பழகியவர்கள், ஆட்களை வைத்து வேலை வாங்கியவர்கள் சொல்லுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

பாலாறு எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடுவதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 381-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 306. ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. புகார் கொடுக்க மனசு வராவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடுங்கள். பையைத் திருப்பிக் கொடுத்தது நல்ல காரியம், அதற்கு அன்றைக்கே பாராட்டியாகிவிட்டது. ஒரு நல்ல காரியத்தைக் காட்டி இன்னொரு தப்பை நேர்செய்ய முடியாது.

ஆற்காடு ஜவுளி சேல்ஸ்மேன் எழுதியது:

அக்கா, நானும் கடைப் பையனாகத் தொடங்கியவன்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்த கடையில் ஸ்டாக் எடுக்கும்போது குறைந்தால், குறைந்த தொகையை எல்லா ஆட்களுக்கும் பங்கு போட்டுச் சம்பளத்தில் பிடிப்பார்கள். யார் எடுத்தது என்று பார்ப்பதில்லை. முதல் தடவை பிடித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் பார்த்தேன். அதுவரை ஒரு கர்ச்சீப்பைக்கூடத் தொடாத ஆட்கள், "எப்படியும் பிடிக்கத்தான் போறான்" என்று சொல்லி எடுக்க ஆரம்பித்தார்கள். அதே ஆட்கள், கஸ்டமர் தெரியாமல் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளைச் சேர்த்துக் கொடுத்தால் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். கஸ்டமர் அவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை அல்லவா.

உங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். சீசன் நேரத்தில் ராத்திரி பத்து, பத்தரை வரை நிற்க வைத்தால் அதற்குத் தனியாக ஏதாவது உண்டா? உட்கார ஸ்டூல் இருக்கிறதா? கடை ஆட்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தனக்கு வர வேண்டியது வரவில்லை என்று ஒருவன் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதை அவன் வாயால் கேட்கமாட்டான்.

ஓய்வுபெற்ற தணிக்கையர் எழுதியது:

அம்மா, நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்தவன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போயிற்று. 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். போளூரிலிருந்து வாணியம்பாடி வரை தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், நெசவாளர் சங்கங்கள் என்று கணக்குப் பார்த்தது மட்டும்தான் என் வேலை. "இரண்டில் எது அவன்" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் அவன்தான். நான் பார்த்த கையாடல்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி ஆட்கள் செய்தவைதான். பழுத்த திருடனை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சங்கம். அதன் செயலாளரை ஊரே கும்பிடும். கடன் கட்ட வந்த விவசாயி எண்ணத் தெரியாமல் நூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால், சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைக்கே போய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்தச் சங்கத்தில் ரசீது அடிக்கட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிக்கட்டில் ஒரு தேதி, ரொக்கப் புத்தகத்தில் பத்து நாள் கழித்து இன்னொரு தேதி. கொஞ்சம் பக்கம் தள்ளிப் போனால் இடைவெளி ஒரு மாதமாகிறது. அதற்குப் பிறகு சில ரசீதுகள் புத்தகத்தில் ஏறவே இல்லை. உறுப்பினர்களிடம் நிலுவையைச் சரிபார்க்க வீடு வீடாகப் போனோம். பேரேட்டில் பாக்கி நிற்கிறது. அவர்களோ மஞ்சள் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டி, "கட்டியாச்சே சார்" என்கிறார்கள்.

செயலாளர் என்னிடம் சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நான் எடுக்கல சார், புரட்டினேன்." மகள் கல்யாணம். அவருக்குச் சேர வேண்டிய ஊதிய நிலுவை நெடுநாளாக வரவில்லை. வந்ததும் கட்டிவிடலாம் என்று முதல் தடவை எடுத்திருக்கிறார். உங்கள் பையன் சொன்ன தீபாவளிக் கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள். கடைசியில் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81-ம் பிரிவில் விசாரணை, 87-ல் தண்டத்தீர்வை, அதாவது நஷ்டத்தை அவரிடமே வசூலிக்கும் உத்தரவு, வேலையும் போயிற்று. விவசாயியின் நூறு ரூபாய் அவருக்கு இன்னொரு மனிதனின் வியர்வையாகத் தெரிந்தது. சங்கத்துப் பணத்துக்கு அந்த மாதிரி ஒரு முகம் இல்லை.

இன்னொரு சங்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சங்கங்களில் ஊழியர் சம்பளம் சங்கத்தின் வருமானத்திலிருந்து போக வேண்டும். நஷ்டத்தில் ஓடினால் சம்பளம் மாதக்கணக்கில் நிற்கும். அப்படி நின்றுபோன ஒரு சங்கத்தில் செயலாளருக்கு வீட்டில் அரிசிக்கே கஷ்டம். இருப்பு எண்ணினேன், காசு பிசகாமல் இருந்தது. தினமும் சாயங்காலம் அவர் பணத்தை எண்ணி, பக்கத்தில் இருந்த உரக்கிடங்குக் காவலரைக் கூப்பிட்டு, அவரையும் எண்ணவைத்து, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார். விதியில் அப்படி எதுவும் கிடையாது. ஏன் என்று கேட்டேன். "தனியா இருந்தா மனசு ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கும் சார்" என்றார். வறுமைதான் திருட வைக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு அந்த நோட்டுதான் கண்ணில் நிற்கும்.

மறுபக்கம் வசதியுள்ளவர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு, 2021-ல், ஐந்து சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்துச் சரிபார்த்தபோது சில சங்கங்களில் போலி நகைகளே வெளியே வந்தன. அதெல்லாம் வயிற்றுக்கு இல்லாதவன் செய்கிற காரியமா?

ஜவுளிக்காரத் தம்பி சொன்னது எனக்கு ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றை ஞாபகப்படுத்துகிறது. பாவும் ஊடையும், அதாவது நீளவாட்டு நூலும் குறுக்கு நூலும், எடை போட்டுக் கொடுப்பார்கள். சேலையாக நெய்து வந்ததும் எடை போட்டு வாங்குவார்கள். நடுவில் இவ்வளவு சேதாரம் என்று அளவு உண்டு. அங்கே நூல் குறைவு எப்போதும் தகராறாகவே இருந்தது. பட்டு ஈரத்தை இழுக்கும். சிலர் ஈரக்காற்றில் வைத்து எடை ஏற்றிக்கொண்டு வருவார்கள் என்று சங்கத்தார் சொன்னார்கள். நான் தராசைப் பார்க்கச் சொன்னேன். முத்திரை போட்டுப் பல காலம் ஆகியிருந்தது, நூல் கொடுக்கும்போது நெசவாளிக்குப் பாதகமாகக் காட்டியது. தராசைச் சரிசெய்து, நெசவாளி கண் முன்னால் எடை போட ஆரம்பித்த பிறகு அந்தத் தகராறு பெரும்பாலும் அடங்கிவிட்டது. அடங்காத ஒன்றிரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் அம்மா. அந்த ஏழாயிரம் எங்கே போயிற்று?

காட்பாடி விரிவுரையாளர் எழுதியது:

உளவியல் பாடம் எடுக்கிறேன். தணிக்கை ஐயா அனுபவத்தில் சொன்னதற்கு ஆய்வுகளில் நிறையவே சாட்சி இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் அவரோடு கொஞ்சம் வேறுபடுகிறேன்.

முதலில் அந்தப் பை. 2019-ல் வெளியான ஒரு ஆய்வில் 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, தபால் நிலையம், ஹோட்டல் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில், "கீழே கிடந்தது" என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவும் அதில் உண்டு. பணம் இல்லாத பர்ஸ் என்றால் 40 சதவீதம் பேர் சொந்தக்காரரைத் தொடர்பு கொண்டார்கள். கொஞ்சம் பணம் இருந்தால் 51 சதவீதம். அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றில் மட்டும் ஏழு மடங்கு பணம் வைத்துப் பார்த்தபோது இன்னும் கூடி 72 சதவீதம் ஆயிற்று. பணம் கூடினால் திருப்பித் தருவது குறையும் என்றுதான் பொதுமக்கள் கணித்திருந்தார்கள். பொருளாதார அறிஞர்கள்கூட அது கூடும் என்று கணிக்கவில்லை. தொகை பெரிதாக இருந்தால், அதை வைத்துக்கொண்டு "நான் திருடன் இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கஷ்டம். பர்ஸில் ஒரு சாவி இருந்தால் திருப்பித் தந்தவர்கள் இன்னும் கூடினார்கள். சாவியால் எடுத்தவருக்கு லாபம் இல்லை, தொலைத்தவருக்கு அவஸ்தை. உங்கள் பையன் பார்த்த ஸ்கேன் கவர் அந்தச் சாவி போன்றதுதான்.

அறுபது ரூபாய் ஜிபே விஷயம் நேர் எதிர். தொகை சின்னது, கையில் நோட்டு இல்லை, முதலாளி அழப்போவதும் இல்லை. ரொக்கத்துக்குப் பதில் டோக்கன் கொடுத்து, பிறகு அதைப் பணமாக மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஏமாற்றுவது கூடுகிறது என்று 2008-ல் ஒரு ஆய்வு வந்தது. பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மட்டும் வைத்து நான் அழுத்திச் சொல்லமாட்டேன். அதே கட்டுரையில், பைபிளின் பத்துக் கட்டளைகளை நினைவுகூரச் சொன்னால் ஏமாற்றுவது குறைகிறது என்றும் இருந்தது. 2018-ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் செய்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று 2012-ல் வந்த இன்னொரு கட்டுரையை, தரவு ஜோடிக்கப்பட்டது என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெற்றார்கள். நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே இந்தக் கதி என்று என் மாணவர்கள் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் அதைத் தெரிந்துகொண்டே படிக்க வேண்டும் என்றுதான் வகுப்பில் சொல்கிறேன்.

"புரட்டினேன்" என்பதை அப்படியே 1950 வாக்கில் அமெரிக்கச் சிறைகளில் கேட்டவர் டொனால்ட் கிரெஸ்ஸி என்ற குற்றவியல் ஆய்வாளர். நம்பிக்கைப் பொறுப்பில் இருந்துகொண்டு பணத்தைக் கையாடல் செய்து சிறைக்குப் போனவர்களிடம் பேசினார். வெளியே சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம், எடுப்பதற்கு ஒரு வழி, இவற்றோடு "கடனாகத்தான் எடுக்கிறேன்" என்ற மாதிரி ஒரு சமாதானம். அந்தச் சமாதானம் எடுத்த பிறகு வருவதில்லை, எடுப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்டதில் முக்கியமானது.

இனி நான் வேறுபடும் இடம். சூழ்நிலையைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பெங்களூரில் கல்லூரி மாணவர்களை ஆளுக்கு 42 தடவை பகடை உருட்டவைத்து, விழுந்த எண்ணை அவர்களே எழுதச் சொன்னார்கள். எண் கூடினால் பணம் கூடும். தற்செயலாக விழுந்தால் சராசரியாக 147 வர வேண்டும். அதற்கு மேலே நம்பவே முடியாத அளவு எழுதியவர்கள் மூன்றில் ஒருவர் இருந்தார்கள். அப்படி எழுதியவர்களுக்கு அரசு வேலையில் நாட்டமும் கூடுதலாக இருந்தது. கர்நாடக அரசு நர்ஸ்களிடம் இதையே செய்து பார்த்ததில், பகடையில் கூட்டி எழுதியவர்களே வேலைக்கும் அதிகம் மட்டம் போட்டார்கள். 2017-ல் வெளியானது. டென்மார்க்கில் மாணவர்களிடம் செய்தபோது நேர்மாறாக, நேர்மையானவர்களே அரசு வேலையை விரும்பினார்கள். எனவே ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிஜமாகவே உண்டு. எந்த வேலையில் என்ன கிடைக்கும் என்று ஒரு ஊர் நம்புகிறதோ அதுவும் சேர்ந்துகொள்கிறது.

சம்பளமா, பணத்தைப் பற்றிய எண்ணமா என்ற உங்கள் கேள்விக்கு நேராக வருவது ஹாங்காங் ஊழியர்களிடம் தாமஸ் டாங்கும் இன்னொருவரும் செய்த ஆய்வு, 2003-ல் வந்தது. வருமானம் குறைவு என்பது நேராகத் தப்புக்குக் கொண்டுபோகவில்லை. பணம்தான் வெற்றிக்கு அடையாளம், பணம் இருந்தால்தான் மதிப்பு என்று நினைப்பவர்களுக்குத் தங்கள் சம்பளத்தில் திருப்தி குறைகிறது. அந்த எண்ணமும் அந்த அதிருப்தியும் தப்புக்குக் கூட்டிப்போகின்றன. மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சம்பளத்தை மட்டும் கூட்டினால் அதிருப்தி சிறிது காலத்துக்குத் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை வாசி எழுதியது:

"பணம் இருந்தால்தான் மதிப்பு" என்று படித்ததும் என் சித்தப்பா ஞாபகம் வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார். மாதா மாதம் கொழுத்த வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு ஏஜென்ட் ஆனார். 2022-ல் வேலூர், ஆரணிப் பக்கம் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியது இங்கே எல்லோருக்கும் தெரியும். வாழ்நாளில் யாரிடமும் ஒரு ரூபாய் ஏமாற்றாதவர். கமிஷன் வர ஆரம்பித்ததும், கல்யாண வீட்டில் தேடி வந்து கை கொடுக்கிறார்கள், முன் வரிசையில் உட்காரவைக்கிறார்கள். அத்தைகள், மாமன்கள் என்று எல்லோர் பணத்தையும் போடவைத்தார். இத்தனை வட்டி எந்த வியாபாரத்தில் வரும் என்று கேட்டால், "நானும்தான் போட்டிருக்கேன்" என்பார். உண்மையிலேயே போட்டிருந்தார். அதனாலேயே தான் செய்வதில் தப்பு இல்லை என்று முழுசாக நம்பினார். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. பணம் போட்டவர்கள் இன்னும் அந்தச் சட்டத்துக்கான கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். சித்தப்பா வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

காந்தி ரோடு மளிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் சொன்னதையும் மதியம் கடை அடங்கிய நேரத்தில் உட்கார்ந்து படித்தேன்.

சேல்ஸ்மேன் தம்பிக்கு: ஸ்டூல் இரண்டு இருக்கிறது. ஆட்கள் உட்காருவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் நின்றால் அன்றைக்கே கையில் நூறு ரூபாய் கொடுத்துவிடுவேன், மாமனார் காலத்துப் பழக்கம். சம்பளத்தில் எதற்கும் பிடித்ததில்லை. அதனால் என் மேல் அவனுக்குக் கோபம் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தணிக்கை ஐயா கேட்ட கேள்வியை நேற்று அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். பைக் தவணைக்குப் போயிருக்கிறது. ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தவன், போன வருஷம் தவணையில் பைக் எடுத்தான். எனக்குத் தெரியும், கடைக்கு முன்னால் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜையே போட்டோம். தவணை தவறி நின்றது எனக்குத் தெரியாது. அவன் அம்மாவுக்கும் தெரியாது. "ஏண்டா, விற்றுவிட்டுப் பஸ்ஸில் வரலாமே" என்றேன். "பைக்ல போயிட்டு மறுபடி பஸ்ஸுக்கு நின்னா ஊர்ல என்னக்கா நினைப்பாங்க" என்றான். அட்வான்ஸாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்றதற்கு, "உங்ககிட்ட கேட்டா நான் சின்னவனா ஆயிடுவேன்" என்றான். ஐயாவும் விரிவுரையாளரும் எழுதியதைப் படித்திராவிட்டால் அந்த வார்த்தை எனக்கு விளங்கியிருக்காது. கேட்டு வாங்குவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல், சொல்லாமல் எடுப்பது அவனுக்குள் கடன்.

பாலாறு சார், நீங்கள் சொன்ன சட்டத்தை அவனிடமும் சொன்னேன். அவனுக்கு அது தெரிய வேண்டும். புகார் கொடுக்கப்போவதில்லை.

வீட்டுக்காரரிடம் பேசி, பொங்கல் வரை வைத்துப் பார்ப்போம் என்று முடிவாகியிருக்கிறது. ஒரு நோட்டுப் போட்டு ஏழாயிரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மாதம் ஆயிரம் பிடிப்பதாகப் பேச்சு. க்யூஆர் அட்டையை மேடையில் ஆணி அடித்து வைத்துவிட்டேன். ஸ்பீக்கர் பேசாவிட்டால் ரொக்கம் மட்டும்தான் என்று இந்தியிலும் பெங்காலியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுதிக் கொடுத்ததே அவன்தான். ராத்திரி வங்கிக்கு வந்த தொகையையும் பில்லையும் அவனையே கூட்டிச் சொல்லச் சொல்கிறேன், நான் சரிபார்க்கிறேன். அந்தக் காவலர் நோட்டிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை இது.

அவன் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று மட்டும் தெரியவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை கடைக்கு வருவார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற தணிக்கையர் எழுதியது:

அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அவன் சொல்லட்டும், ஒரு மாதம் டைம் கொடுங்கள். சொல்லவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை என்று அவனையே கேளுங்கள்.

விரிவுரையாளர் சொன்ன வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. தராசைச் சரிசெய்த பிறகும் அடங்காதவர்களைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். இந்தப் பையன் அந்த வகையா என்பது இனி அவன் உங்களிடம் எதைத் தானாக வந்து சொல்கிறான் என்பதில் தெரியும். ஸ்பீக்கர் கெட்டால் அவன்தான் முதலில் போன் செய்கிறானா என்று பாருங்கள்.

அந்த மாதம் ஆயிரம் விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். எத்தனை தவணை பாக்கி, தண்ட வட்டி எவ்வளவு, பைக் எடுத்த இடத்திலிருந்து கணக்கை எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அது எவ்வளவு என்று தெரியாமல் சம்பளத்தில் ஆயிரம் குறைத்தால், அடுத்த தவணைக்கு அவன் வேறு யாரிடமாவது கை நீட்டுவான். முதலில் பைக் கணக்கு ஒரு நிலைக்கு வரட்டும். உங்கள் ஏழாயிரம் பொங்கலுக்குப் பிறகு வந்தால் போதும் என்று அந்த நோட்டில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.